பெரிய ரயர் போட எத்தனை அங்குலம் உயர்த்துவது? டபிள் கெப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சில்லு, ஸ்டியரிங், சஸ்பென்சன் வேலைதான் என் தொழில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் திரும்பத் திறக்கும்வரை புது வண்டி எடுக்க வழியில்லை. கையில் இருந்த ஹைலக்ஸையும் எல்-200ஐயும் டி-மெக்ஸையும் திருத்தியும் மாற்றியும் ஓடத் தொடங்கினோம். உயர்த்துவது, பெரிய ரயர் போடுவது பற்றிய கேள்விகள் அப்போதுதான் கூடின. கராஜ் வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லிமுடிக்க ஏலாத விஷயம் இது. அதனால் ஆறுதலாக எழுதிவைக்கிறேன்.

"அண்ணை, 33 ரயர் போடப்போறன். எத்தினை இஞ்சி லிஃப்ட் பண்ணவேணும்?"

உடனே ஒரு எண்ணைச் சொல்லலாம். ஆனால் அது உங்கள் வண்டியைப் பார்க்காமல் சொன்ன எண்ணாக இருக்கும். உயரம் இந்தக் கணக்கில் கடைசியாக வரும் விடை. வண்டி எங்கே ஓடப்போகிறது, என்ன ஏற்றப்போகிறது என்பது முதலில் தெரியவேண்டும். அந்த வேலைக்கு எந்த ரயர் என்று பிறகு முடிவாகவேண்டும். அந்த ரயர் முழுக்க அமுங்கி, முழுக்கத் திரும்பி நிற்கும்போது எங்கே முட்டுகிறது என்று அளக்கவேண்டும். எத்தனை மில்லிமீற்றர் உயர்த்துவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

கனபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டை முதலில் பூட்டிவிடுகிறார்கள். எழும்பி நிற்கும் வண்டிக்குக் கீழே ரயர் சின்னதாகத் தெரிகிறது. மனம் கேட்காமல் கடையில் இருப்பதிலேயே பெரிய ரயரைத் தேடிப் போகிறார்கள்.

குடாநாட்டுக்குள் ஏற மலை இல்லை. ஏ-9 வீதியால் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்வரும் வண்டிக்குக் கம்பனி உயரமே போதும். மருதங்கேணி, கட்டைக்காடு பக்கம் கரையில் படகு இழுப்பவருக்கும், வன்னியில் மாரி காலத்தில் வாய்க்கால் கடந்து வயலுக்குப் போகிறவருக்கும் தேவை வேறு. நீங்கள் எந்த ஆள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை உண்மையாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

"ரயரில எழுதியிருக்கிற எண்ணை எப்படி வாசிக்கிறது?"

பழைய 31, 33 அளவுகளில் முதல் எண்ணே விட்டம், அங்குலத்தில். மற்ற வகைக்குக் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். ஹைலக்ஸில் அடிக்கடி காணும் 265/65 ஆர் 17ஐ எடுங்கள். 265 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில்.

265இல் 65 வீதம் 172 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், ஆகவே 344. பதினேழு அங்குல றிம் 432. கூட்டினால் 776 மில்லிமீற்றர், அதாவது முப்பதரை அங்குலம்.

இதேபோல 265/70 ஆர் 17 போட்டால் 803 வரும். 285/70 ஆர் 17 என்றால் 831. நம் ஆட்கள் "33" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான், சரியாகப் பார்த்தால் 32.7 அங்குலம். பதினாறு அங்குல றிம் உள்ள வண்டிக்கு 265/75 ஆர் 16 ஏறக்குறைய 804, 285/75 ஆர் 16 ஏறக்குறைய 834.

இங்கே மனதில் வைக்கவேண்டியது விட்டத்தில் பாதியைத்தான். 776 இருந்த இடத்தில் 831 போட்டால் விட்டம் 55 கூடுகிறது. அச்சு 27 மில்லிமீற்றர்தான் எழும்புகிறது. அந்த 27 மேலேயும் வரும், முன்னாலும் வரும், பின்னாலும் வரும். மட்கார்டின் பின்மூலையில் முட்டுவது இந்தப் பின்னால் வந்த 27. அகலத்தில் கூடிய 20 மில்லிமீற்றரில் பாதி உள்ளே போய், சில்லை மேலிருந்து பிடிக்கும் இரும்புக் கையான மேல் ஆமுக்குக் கிட்டப் போகும், பாதி வெளியே வரும்.

"லிஃப்ட் பண்ணினா கீழ கல்லுத் தட்டாதுதானே?"

பின் அச்சைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஹைலக்ஸ், எல்-200, டி-மெக்ஸ் எல்லாவற்றிலும் பின்பக்கம் ஒரே குழாய் அச்சு. இரண்டு சில்லுக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷல் உருண்டை அதன் நடுவில் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சஸியும் பொடியும் எழும்பும். அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை நிலத்திலிருந்து எழுப்ப ரயர் ஒன்றால்தான் முடியும், அதுவும் விட்டம் கூடியதில் பாதிதான். முன்பக்கம் தனித்தனி ஆம் உள்ள வண்டியில் டிஃப்ரன்ஷல் சஸியோடு பூட்டியிருப்பதால் அது சேர்ந்து எழும்பும்.

"ரெண்டு இஞ்சி தூக்கினா ரயருக்கும் மட்கார்டுக்கும் இடையில ரெண்டு இஞ்சி இடம் வருமே. பிறகு எப்படி உரசும்?"

இதில்தான் பெரும்பாலானவர்களின் காசு வீணாகிறது. தயவுசெய்து இந்தப் பதிலை மட்டுமாவது முழுக்க வாசியுங்கள்.

வண்டி நிறுத்தி நிற்கும்போது தெரியும் இடைவெளி கண்ணுக்குத்தான். ஓடும்போது சில்லு மேலும் கீழும் போகிறது. பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, பம்ப் ஸ்டொப் என்கிற முட்டு ரபரில் போய் நிற்கும். அந்த ரபர் இருக்கும் இடத்தை லிஃப்ட் கிட் மாற்றுவதில்லை. ஸ்பிரிங் எவ்வளவு உயரமாக இருந்தாலும், முழுக்க அமுங்கும்போது சில்லு முன்பு வந்த அதே இடத்துக்குத்தான் வரும். அங்கே பழைய ரயருக்கு விட்டுவைத்த இடத்துக்குள் 27 மில்லிமீற்றர் பெரிய ரயர் ஏறப்பார்க்கும்.

ஆகவே அளக்கவேண்டிய நிலை வேறு. நான் செய்வது இப்படி. சமதரையில் வண்டியை விட்டு, சில்லின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து ஒரு தாளில் எழுதுவேன். நிலத்திலிருந்து அளந்தால் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும், அதனால்தான் சில்லின் நடுவிலிருந்து. பிறகு ஒரு பக்க முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, போடப்போகிற ரயரைப் பூட்டி, ஜக்கால் சில்லை மெதுவாக மேலே தள்ளி முட்டு ரபரில் கொண்டுபோய் நிறுத்துவேன். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இடது முடிவுவரை, வலது முடிவுவரை திருப்பிப் பார்ப்பேன். சந்தேகமான மூலைகளில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டிவிட்டால், எவ்வளவு நசிந்தது என்பதைப் பார்த்து எவ்வளவு இடம் மிஞ்சியது என்று தெரியும். ஒரு விரல் தடிப்புக்குக் குறைவாக இருந்தால் அந்த ரயர் அப்படியே ஓடாது.

முட்டினால் வழி மூன்று. பிளாஸ்ரிக் உறையையோ மட்கார்டின் பின்மூலை விளிம்பையோ திருத்தலாம். முட்டு ரபரை அளவாக நீட்டி, சில்லு கொஞ்சம் முன்னதாகவே நிற்கும்படி செய்யலாம். அல்லது ஒரு அளவு சின்ன ரயரை எடுக்கலாம். முட்டு ரபரை நீட்டினால் மேலே போகும் பயணம் குறைகிறது. குறைந்த பயணத்தை நின்ற உயரத்தில் திருப்பிக் கொடுக்கத்தான் லிஃப்ட் வேண்டும். லிஃப்டின் உண்மையான வேலை அதுதான். அந்த அளவுக்கு மட்டும் உயர்த்தினால் போதும்.

"கூட உயர்த்தினா என்ன குறைஞ்சா போயிடும்?"

ஒரு மாரி காலத்தில் விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு ஹைலக்ஸ் விகோ வந்தது. வயல் செய்கிற மனிதர், வண்டிதான் அவருக்கு எல்லாம். "தம்பி, இடப்பக்கம் திரும்பேக்க கிர்ர் எண்டு ஒரு சத்தம், பிறகு டக்டக் எண்டு இடிக்குது" என்றார். சில்லைக் கழற்றிப் பார்த்தேன். மட்கார்டுக்குள் இருந்த பிளாஸ்ரிக் உறையில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதற்குப் பின்னால் போகும் வயர்க்கட்டின் கறுப்பு ரேப் நார்நாராகக் கிழிந்திருந்தது, இன்னும் கொஞ்ச நாளில் செம்பு தெரிந்திருக்கும். ரயரின் தோள் பளபளவென்று மினுங்கியது. றிம்மின் உட்பக்கம் வட்டமாகக் கிறீஸ் தெறித்து, அதில் மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது. முன் சில்லுக்கு இழுப்பைக் கொண்டுபோகும் சீ.வி. ஜொயின்ட் என்ற மூட்டின் ரபர் உறை மடிப்புக்கு மடிப்பு வெடித்திருந்தது.

அளவுநாடாவைப் பிடித்தால் கம்பனி அளவைவிட 95 மில்லிமீற்றர் கூட. அவர் காசு கொடுத்தது இரண்டு அங்குலத்துக்கு. பூட்டிய இடத்தில் முன் ஷொக்கின் தலையில் 50 மில்லிமீற்றர் தகட்டை வைத்திருக்கிறார்கள். இந்த வகை வண்டியில் ஷொக், கீழ் ஆமின் நுனியில் பூட்டியிருக்காது, நடுவுக்குக் கிட்டப் பூட்டியிருக்கும். அதனால் தலையில் வைக்கும் 50 மில்லிமீற்றர் சில்லில் ஏறக்குறைய இரட்டிப்பாக வரும். அது தெரியாமல் செய்த வேலை. அவர் குற்றம் எதுவும் இல்லை. சீ.வி. ஜொயின்ட் இரண்டையும் மாற்றி, தகட்டை எடுத்து, 40 மில்லிமீற்றர் உயரம் தரும் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷொக்கும் போட்டு, ரயரை 265/70க்குக் குறைத்துவிட்டோம். அறுவடைக் காசில் ஒரு பங்கு இதற்கே போய்விட்டது என்று அவர் சொன்னது இப்போதும் நினைவில் இருக்கிறது.

"அப்ப நீங்கள் சொல்லுற அளவு என்ன?"

முன்பக்கம் கொயில் ஸ்பிரிங் உள்ள விகோ, ரெவோ, புதிய டி-மெக்ஸ் போன்றவற்றுக்கு என் கணிப்பு இது. 265/70 ஆர் 17க்குப் பெரும்பாலும் உயர்த்தவே தேவையில்லை, பிளாஸ்ரிக் உறையைக் கொஞ்சம் திருத்தினால் காணும். 285/70 ஆர் 17 என்றால் 40 முதல் 50 மில்லிமீற்றர்வரை உயர்த்தி, மட்கார்டின் பின்மூலையும் பார்க்கவேண்டும். 50ஐத் தாண்டினால் சீ.வி. ஜொயின்டின் சாய்வு கூடும், மேல் ஆமின் நுனியில் இருக்கும் போல் ஜொயின்ட் அதன் எல்லைக்குப் போகும், வீல் அலைன்மென்ட் ஆணிகளால் கெஸ்ரரை, அதாவது முன் சில்லின் திருப்பு அச்சு பின்பக்கம் சாயும் அளவை, திரும்பக் கொண்டுவர இடம் போதாது. கெஸ்ரர் குறைந்தால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். பிறகு மேல் ஆமை மாற்று, டிஃப்ரன்ஷலை இறக்கு என்று செலவு தொடர்ந்துகொண்டே போகும்.

35 அங்குல ரயர் இங்கே ஓடும் டபிள் கெப்புக்கு வேண்டாம். யார் கேட்டாலும் நான் போட்டுக் கொடுப்பதில்லை.

"என்ர பழைய வண்டி. முன்னுக்கு கொயில் இல்லை, டோர்ஷன் பார். ஆணியை இறுக்கினா எழும்பும் எண்டு சொல்லுறாங்கள்."

எழும்பும். டோர்ஷன் பார் என்பது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் நீளமான இரும்புக் கம்பி. 2005க்கு முந்திய ஹைலக்ஸ் டைகர், பழைய எல்-200, முதல் தலைமுறை டி-மெக்ஸ் ஆகியவற்றில் அந்த ஆணி இருக்கிறது. ஆனால் அது கம்பி தளர்ந்து குறைந்த உயரத்தைச் சரிசெய்யத்தான் இருக்கிறது. அதை இறுக்குவதால் ஸ்பிரிங் பலப்படாது, நின்ற உயரம் மட்டும் மாறும். சில்லு கீழே தொங்கும் பயணத்தைக் களவெடுத்து மேலே கொடுக்கிறீர்கள். நிறைய இறுக்கினால் ஒவ்வொரு சின்னப் பள்ளத்திலும் சில்லு கீழ் எல்லையில் போய் "டொக்" என்று அடிக்கும். ஆட்கள் ஸ்பிரிங் இறுகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது ஆம் முட்டும் அடி. 25 மில்லிமீற்றருக்கு மேல் இந்த ஆணியால் போகாதீர்கள். கூட வேண்டுமென்றால் தடித்த டோர்ஷன் பாரும் நீளமான ஷொக்கும் போடவேண்டும்.

அதற்கும் முந்திய, முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங் உள்ள ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். சீ.வி. ஜொயின்ட் பிரச்சினை இல்லை. ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம்: முன் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்துவது உயிருக்கே ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டையின் மேல் முழுப் பாரமும் முறுக்கும். முன்னுக்குப் புதுப் பட்டைதான்.

"பின்னுக்கு கட்டை வைக்கலாமா, ஷக்கிளை நீட்டலாமா, ஒரு பட்டை சேர்க்கலாமா?"

மூன்றும் செய்கிறார்கள். கட்டை வைத்தால் கட்டையின் உயரம் அப்படியே கிடைக்கும். ஷக்கிள் என்பது பட்டையின் நுனியைச் சஸியில் தொங்கவிடும் இணைப்பு, நீளமானதைப் போட்டால் கூடிய நீளத்தில் பாதிதான் கிடைக்கும், அச்சும் கொஞ்சம் சாயும். பட்டை சேர்த்தால் உயரமும் பலமும் வரும், ஆனால் வெறுமையாக ஓடும்போது முதுகு நோகும். என் தெரிவு, ஏற்றப்போகிற பாரத்தைச் சொல்லி முழுப் பட்டைத் தொகுதியையும் மாற்றுவது. தினமும் வெங்காய மூட்டையோ சீமெந்தோ ஏற்றுபவருக்கும், சனி ஞாயிறுக்குக் குடும்பத்தோடு மடுவுக்குப் போகிறவருக்கும் ஒரே பட்டை சரிவராது. எது செய்தாலும், பட்டையை அச்சோடு கட்டும் பழைய யூ போல்டைத் திரும்பப் பூட்டாதீர்கள். ஒருதரம் இறுக்கி நீண்ட போல்ட் அது.

பின்பக்க பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். பல டபிள் கெப்புகளில் பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சஸியில் இருக்கும் ஒரு வால்வுக்குப் போகும். வண்டியில் பாரம் ஏறிச் சஸி தாழ்ந்தால் அது உணர்ந்து பின் பிரேக்குக்குக் கூட அழுத்தம் விடும். வெறுமையாக இருந்தால் குறைக்கும். நீங்கள் 50 மில்லிமீற்றர் உயர்த்தினால், பாரம் ஏற்றியிருந்தாலும் வண்டி வெறுமை என்று அந்த வால்வு நினைக்கும். பின் பிரேக் குறையும், முன் பிரேக்குக்கு மட்டும் வேலை கூடும். கம்பியின் பிடியை உயர்த்திய அளவுக்கு மாற்றிப் பூட்டுவது சின்ன வேலைதான். செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பிரேக் குழாய்களும் அப்படித்தான்: சில்லை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பி, குழாய் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும்.

நடு பெயரிங் உள்ள இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றால், உயர்த்திய பிறகு முதல் கியரில் எடுக்கும்போது ஒரு நடுக்கம் வரலாம். பெயரிங்கின் பிடியைக் கொஞ்சம் இறக்கினால் போகும்.

"பொடி லிஃப்ட் மலிவு. அதைச் செய்தா என்ன?"

சஸிக்கும் பொடிக்கும் இடையில் உருளைகளை வைத்து உயர்த்துவதுதான் பொடி லிஃப்ட். ஒரு நன்மை உண்டு: முழுக்க அமுங்கிய நிலையிலும் உண்மையாகவே ரயருக்கு இடம் கிடைக்கும், சீ.வி. ஜொயின்டும் தப்பும். ஆனால் ஸ்டியரிங் தண்டு, கியர் நெம்பு, ரேடியேற்றர் உறை, பெற்றோல் வாய்க்குழாய் எல்லாவற்றையும் திருத்தவேண்டும். சஸி உயராது. உப்புக்காற்றில் நீண்டகாலம் நின்ற பழைய வண்டிகளில் பொடி ஆணி கழராது, கழற்றினால் முறியும். அப்படிப்பட்ட வண்டிக்கு நான் சம்மதிப்பதில்லை.

"அகலமான றிம் போட்டா ரயர் வெளியில நிக்கும், உள்ள முட்டாதுதானே?"

உள்ளே முட்டாது, வெளியே முட்டும். ஹைலக்ஸின் பதினேழு அங்குல றிம்மின் ஓஃப்செட், அதாவது றிம் பூட்டும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் அளவு, 30 மில்லிமீற்றர். அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் ரயர் 30 மில்லிமீற்றர் வெளியே வரும். திருப்பும்போது அது சுற்றும் வட்டம் பெரிதாகி, மட்கார்டின் முன்மூலையிலும் பின்மூலையிலும் இடிக்கும். பெயரிங்குக்குப் பாரம் கூடும், பள்ளத்தில் ஸ்டியரிங் கையை இழுக்கும். சேற்றை வாரிக் கதவில் அடிக்கும், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்திலும் அடிக்கும். கம்பனி றிம்மோடு மேல் ஆமில் முட்டினால் பத்துப் பதினைந்து மில்லிமீற்றர் வெளியே கொண்டுவரும் றிம் போதும்.

"மீற்றர் பிழையாக் காட்டுமா? டீசல் கூடக் குடிக்குமா?"

776க்குப் பதில் 831 போட்டால் ஏழு வீதம் வித்தியாசம். மீற்றரில் முள் 70இல் நிற்கும்போது நீங்கள் உண்மையில் 75இல் போகிறீர்கள். 803 போட்டால் மூன்றரை வீதம்கூட இல்லை. கிலோமீற்றர் கணக்கும் குறைத்துக் காட்டும், ஆகவே டீசல் கணக்குப் பார்க்கும்போது ஓடிய தூரத்தோடு ஏழு வீதத்தைச் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தாலும் கூடத்தான் குடிக்கும். ரயர் பாரமாகிறது, கியர் நீளுகிறது. டிஃப்ரன்ஷல் விகிதம் 4.10 உள்ள வண்டி 3.83 உள்ள வண்டிபோல இழுக்கும். பாரத்தோடு இடம்விட்டு எடுக்கும்போது கிளச்சுக்கு அது தெரியும். பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

"மணற்காட்டு மணலுக்கு எவ்வளவு உயரம் வேணும்?"

மணலுக்கு உயரத்தைவிடக் காற்றைக் குறைப்பதுதான் பெரிய மருந்து. நம்பாதவர்களுக்கு ஒருநாள் காட்டினேன். மணற்காட்டில் சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில், 265/70 ரயர் 32 பி.எஸ்.ஐ. காற்றோடு உருண்ட தடம் ஒடுங்கிய வாய்க்கால்போல ஆழமாக இறங்கியிருந்தது. அதே ரயரை 18க்குக் குறைத்துவிட்டு அதே இடத்தில் ஓடினோம். தடத்தின் ஆழம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ரயர் நிலத்தில் படும் பகுதி முன்னும் பின்னுமாக நீளுகிறது, பாரம் பரவுகிறது. உயர்த்தாத வண்டி உயர்த்திய வண்டி புதைந்த இடத்தைக் கடந்து போனது.

குறைத்த காற்றோடு வேகமாகப் போகவோ சடாரென்று திருப்பவோ கூடாது. 15க்குக் கீழே போனால் திருப்பும்போது ரயர் றிம்மை விட்டுக் கழரலாம். தார் றோட்டுக்கு ஏற முதல் திரும்ப அடிக்கவேண்டும், ஆகவே பம்பு ஒன்று வண்டியில் இருக்கட்டும். லிஃப்ட் கிட்டின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமில்லை. பக்கச்சுவர் உயரமான ரயர் காற்றைக் குறைக்க வசதி, அதனால் மணலுக்குப் போகிறவர்கள் பெரிய றிம்மைத் தேடாமல் 16, 17 அங்குலத்தோடு நிற்பது நல்லது. நெடுந்தீவுபோலக் கல்லுத்தரையில் ஓடுபவர்களுக்குச் சொல்வது வேறு: அங்கே காற்றை நிறையக் குறைத்தால் கல்லின் கூர் பக்கச்சுவரை வெட்டிவிடும்.

"மாரியில வெள்ளத்துக்குள்ள போகலாமா?"

உயர்த்தியதால் மட்டும் போகமுடியாது. எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறதோ அதுதான் எல்லை. டிஃப்ரன்ஷலின் மூச்சுக்குழாய் சின்னது, வண்டியை உயர்த்தும்போது அதையும் மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள். இல்லாவிட்டால் சூடான டிஃப்ரன்ஷல் தண்ணீரில் குளிரும்போது உள்ளே தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால்நிறமாக இருந்தால் அதுதான் காரணம். கடல்நீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கீழ்ப்பக்கத்தைக் கழுவவேண்டும், முக்கியமாகப் பட்டைகளுக்கு இடையில்.

"உயர்த்தின வண்டி பிரளுமா? காத்துக்கு ஆடுமா?"

பாரத்தின் நடு எழும்பினால் வண்டி சாய்வது கூடும், அதில் சந்தேகம் இல்லை. சோளகம் அடிக்கும் நாளில் பண்ணைப் பாலத்திலும் புங்குடுதீவுப் பாலத்திலும் இரண்டு பக்கமும் கடல், மறைப்பு எதுவும் கிடையாது. உயர்த்திய வண்டியின் கூரையில் ரக் பூட்டி அதற்கு மேல் சாமானும் ஏற்றிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். உயர்த்தினால் கூரையில் பாரம் வேண்டாம், பின்தட்டில் தாழ்வாக ஏற்றுங்கள்.

அதைவிட ஒவ்வொரு இரவும் நடக்கும் தீங்கு விளக்கு. கம்பனியிலிருந்து வரும்போது வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அழகுக்காக முன்பக்கத்தை மட்டும் 50 மில்லிமீற்றர் உயர்த்துகிறார்கள். ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 3085 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால், 25 மீற்றர் தூரத்தில் விளக்கின் ஒளி 40 சென்ரிமீற்றர் மேலே போகிறது. எதிரே சைக்கிளில் வரும் ரியூஷன் பிள்ளையின் கண்ணுக்கு நேரே. வேலை முடிந்த அன்றைக்கே, இருட்டில், சுவருக்கு முன்னால் நிறுத்தி விளக்கைத் தாழ்த்துங்கள். ஒரு ஸ்குரூட்ரைவர் போதும்.

"பாவிச்ச ரயர் மலிவா வருது. எடுக்கலாமா?"

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ரயரின் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டியதை எடுக்காதீர்கள். எங்கள் வெயிலில் ஆறு வருடத்துக்கே விளிம்பில் வெடிப்புக் காணும். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாரக் குறியையும் பாருங்கள்: 112 என்றால் ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும், 116 என்றால் 1250, 121 என்றால் 1450. கம்பனி சொன்ன குறியைவிடக் குறைந்ததைப் போடவே கூடாது. நான்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும். நான்கு சில்லு இழுப்பில் ஓடும்போது முன்னும் பின்னும் விட்டம் வேறாக இருந்தால், இரண்டு அச்சுக்கும் இழுப்பைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் கேஸ் முறுகும்.

"பொலிஸ், காப்புறுதி?"

வேலைக்குப் பிறகு கேட்கவேண்டாம், வேலைக்கு முதல் கேளுங்கள். செய்யப்போகும் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சொல்லிக் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்து நடந்த பிறகு வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. உள்ளே என்ன ஸ்பிரிங், என்ன ஷொக், எவ்வளவு உயரம் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கராஜில் கேட்டு வாங்குங்கள்.

"வேலை முடிஞ்ச பிறகு என்ன பாக்கவேணும்?"

அன்றைக்கே வீல் அலைன்மென்ட், விளக்கு. 500 கிலோமீற்றர் ஓடிவிட்டு யூ போல்ட், ஆம் ஆணி, சில்லு நட் எல்லாம் மறு இறுக்கு. 1000இல் திரும்ப அலைன்மென்ட், புது ஸ்பிரிங் அதற்குள் கொஞ்சம் தாழ்ந்துவிடும். முதலில் எழுதிய தாள் இப்போது வேண்டும்: சில்லின் நடுவிலிருந்து மட்கார்டுவரை திரும்ப அளந்து, கேட்ட உயரம் வந்ததா, இடம் வலம் ஒன்றா என்று பாருங்கள். ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசம் இருக்கலாம். பதினைந்து இருக்கக்கூடாது.

"ஸ்பெயார் வீலும் பெருசு போடவேணுமா? நாலுதானே ஓடுது."

வேண்டும். பழைய சின்னச் சில்லையே ஸ்பெயாராகத் தொங்கவிட்டு, காற்றுப்போன நாளில் அதைப் பின்னுக்குப் போட்டு ஓடினால், ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுழன்று டிஃப்ரன்ஷலுக்கு ஓய்வே இருக்காது. ரயர் வாங்க முதல் ஒன்றை மட்டும் கடையில் கேட்டு எடுத்துக்கொண்டுபோய், பின்தட்டுக்குக் கீழே ஸ்பெயார் தொங்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். 831 பல வண்டிகளில் பம்பருக்கும் அச்சுக்கும் இடையில் இறுகி நிற்கும், காற்றை இறக்கினால்தான் ஏறும். அப்படி ஏறினால், வண்டியில் வைத்திருக்கச் சொன்ன அந்தப் பம்பு இங்கேயும் வேண்டும்.